தெரியாது என்று நான் சொன்ன பாஷை

ஒரு குழந்தை என்னிடம் உதவி கேட்டாள். அவள் கேட்டது எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் அவள் இறந்துபோனாள்.

இதுதான் என் குற்றம். எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் படிக்கப் போவது விளக்கம். அதை மன்னிப்புக்கான மனு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் வாத்தியார். ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பவன். யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்னால், இண்டூருக்கும் வத்தல்மலை அடிவாரத்துக்கும் நடுவே ஒரு சிற்றூரில் எனக்கு வேலை கிடைத்தது. ஊரின் பெயரை எழுத மாட்டேன். அங்கே என்னை இன்னும் மரியாதையாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மரியாதையை இழக்கத் துணிவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. இன்றுவரை இல்லை.

ஒரே அறை, ஓட்டுக்கூரை, மூன்று வகுப்புகள், ஒரே வாத்தியார். பள்ளியை நடத்தியவர் அவ்வூரின் பெரிய நிலக்காரர். எல்லோரும் அவரை மானேஜர் என்றே அழைத்தார்கள். வேலை கேட்டு நான் அவர் முன்னால் நின்றபோது எனக்கு வயது இருபத்திரண்டு.

"வாத்தியாருக்கு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டார்.

"பெண்ணாகரத்துக்கு அந்தாண்டைங்க."

"கவுண்டருங்களா?"

"ஆமாங்க."

நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஜனத்துக்கும் கவுண்டர் என்ற பட்டம் உண்டு, அவருடைய ஜனத்துக்கும் உண்டு. எந்தக் கவுண்டர் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பொய் சொல்லாமலே ஒருவரை ஏமாற்ற முடியும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

நான் ஆடு மேய்த்துக் கம்பளி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவன். எங்கள் வீட்டுப் பேச்சு கன்னடம். ஏழு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த அன்று எனக்குத் தமிழில் நாலு வார்த்தைகூட ஒழுங்காக வராது. அங்கிருந்த வாத்தியார் என்னைப் பெயர் சொல்லி அழைக்கவே இல்லை. எங்கள் ஜனம் மேய்க்கும் செம்மறியின் பெயரால் "ஏ, குரும்பாடு" என்றுதான் அழைப்பார். வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன், அழுதால் இன்னும் சிரிப்பார்கள் என்பதால். மூன்றே வருஷத்தில் வகுப்பிலேயே சுத்தமான தமிழ் பேசுகிறவன் நான்தான் என்றாகிவிட்டது. சேலத்தில் டிரெயினிங் படிக்கப் போனபோது லிங்கப்பா என்ற பெயரை லிங்கப்பன் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே ஓர் எழுத்து... அதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

வேலை கிடைத்த பிறகு என் அம்மாவை அந்த ஊருக்கு ஒருநாளும் அழைத்து வரவில்லை. அவளுக்குச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் தமிழ் வரும். "உன் இஸ்கூலப் பாக்கணும்" என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டே இருந்தாள். வெயில், தூரம், தண்ணீர் சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

மானேஜருக்குக் கன்னடம் பேசும் ஆட்டுக்காரர்களைக் கண்டால் ஆகாது. ஒரு வருஷம் அவர்களுடைய மந்தை இரவோடிரவாக அவருடைய கேழ்வரகுக் கொல்லையில் இறங்கி முழுவதையும் மேய்ந்துவிட்டதாம். பஞ்சாயத்து, கைகலப்பு, தருமபுரிக் கோர்ட்டு என்று அது வளர்ந்தது. "கன்னடியனுங்கள நம்பி ஒரு படி தண்ணி குடுக்கக் கூடாதுங்க வாத்தியாரே" என்று என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறார். நான் தலையை ஆட்டியிருக்கிறேன். சில நாள், "ஆமாங்க, அவங்க அப்படித்தான்" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்... என் நாக்கு அதைச் சொன்னது.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் தாமாகவே ஓர் ஆட்டுக்காரரைப் பள்ளிக்கு அழைத்து வந்தார். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டது, இப்படியே போனால் பள்ளியை மூடிவிடுவோம் என்று இன்ஸ்பெக்டர் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். ஏரிக்கரைக்கு அப்பால் குடிசை போட்டுத் தங்கியிருந்த பீரப்பன், அந்த வழக்கில் கோர்ட்டில் என்னவென்று தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்த நாளிலிருந்து தம் பிள்ளையையாவது படிக்க வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். ஒருவருக்கு எண்ணிக்கை வேண்டும், மற்றவருக்கு எழுத்து வேண்டும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் என் மேஜைக்கு முன்னால் நின்றார்கள்.

பீரப்பனின் விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் குழந்தை நின்றது. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. அவளுக்காகவே நெய்ததுபோல் ஒரு சின்னக் கம்பளித் துண்டு தோளில்.

"பேரு என்ன?" என்று தமிழில் கேட்டேன்.

"கெம்பி" என்றாள். சிவந்தவள் என்று பொருள். எங்கள் வீட்டிலும் ஒரு கெம்பி இருந்தாள், என் அத்தை.

மானேஜர் சிரித்தார். "இது என்னாங்க பேரு, கம்பு, கேவுருன்னு?"

நான் பதிவேட்டில் 'செல்லம்மாள்' என்று எழுதினேன். பீரப்பன் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதுகிறவருக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்.

அந்தக் குழந்தையை நான் எப்படி நடத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடிக்கவில்லை. கை நீட்டாதவர் என்று எனக்கு அந்த ஊரில் நல்ல பெயர். அடிக்காமல் ஒரு குழந்தையை எவ்வளவு தூரம் வதைக்கலாம் என்பது அடித்தவர்களுக்குத் தெரியாது.

காலையில் பெயர் கூப்பிடுவேன். "செல்லம்மாள்." அவள் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது அவள் பெயர் இல்லையே, அவள் எதற்கு எழுந்திருப்பாள்? "செல்லம்மாள்" என்று மறுபடியும் கூப்பிடுவேன். பக்கத்துப் பிள்ளைகள் அவளைக் கிள்ளி எழுப்பி நிறுத்துவார்கள். "தம் பேரே தெரியாத மக்குங்கய்யா" என்று கத்துவார்கள். நான் மறுக்க மாட்டேன். ஒரு நாள் அவள் எழுந்து நின்று, மிகவும் பணிவாக, எனக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்பதுபோல், "நானு கெம்பி" என்றாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி எண்ணச் சொல்வேன். மற்றப் பிள்ளைகள் பன்னிரண்டு, பதின்மூன்றில் தடுமாறி நிற்பார்கள். அவள் ஒந்து, எரடு, மூரு என்று தொடங்கி மூச்சு விடாமல் நூறுவரை போவாள். பொழுது சாயும் நேரத்தில் பட்டிக்குள் நுழையும் ஆடுகளை அப்பாவோடு எண்ணிப் பழகியவள். ஒரு கொட்டைகூடப் பிசகாது. கடைசிக் கொட்டையை நகர்த்திவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள்.

"தப்பு" என்பேன். "தமிழ்ல எண்ணு."

அவள் கொட்டைகளைத் திரும்பப் பார்ப்பாள். எங்கே தப்பிவிட்டது என்று தேடுவாள். மறுபடியும் முதலிலிருந்து, இன்னும் மெதுவாக, ஒந்து, எரடு... கணக்கு சரியாகத்தான் வரும். நான் மறுபடியும் தப்பு என்பேன். சரியானதைத் தப்பு என்று ஐந்து வயதுக் குழந்தையிடம் திரும்பத் திரும்பச் சொன்னால் அதன் முகத்தில் என்ன நடக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிய குறிப்பில் அவள் பெயருக்கு நேராக 'மந்த புத்தி' என்று எழுதினேன். அந்த வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள்தான் என்பது அந்தப் பள்ளியில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

ஏன் இப்படிச் செய்தேன்? பல வருஷம் யோசித்தேன். மானேஜருக்குப் பயந்து என்று சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதியைச் சொல்லக் கூசுகிறது... அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வந்தது. எவ்வளவோ பாடுபட்டு நான் துடைத்துப் போட்ட ஒன்றை அவள் கூச்சமே இல்லாமல் நாக்கில் வைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். மானமில்லாமல் பேசுகிறாளே என்று தோன்றும். ஐந்து வயதுக் குழந்தை தன் தாயிடம் கற்ற பேச்சைப் பேசுவதில் என்ன மானக்கேடு என்று அப்போது என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மத்தியானம். பிள்ளைகளெல்லாம் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஏரிக்கரைவரை போய்வர நேரமாகும் என்பதால் அவள் மட்டும் களி உருண்டையைத் துணியில் முடிந்து கொண்டுவந்து பள்ளியிலேயே இருப்பாள். அன்று வேலியோரம் வேலமுள் குத்தி, காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள். முள் ஆழமாக ஏறியிருந்தது. நான் அவள் பாதத்தை என் மடிமேல் வைத்து, ஊசியால் கிளறி எடுத்தேன். வலியில் அவள் வீறிட்டாள்.

"அளபேடா" என்றேன்.

அழாதே என்று அர்த்தம். என்னை அறியாமல் வந்துவிட்டது. என் அம்மா எனக்குச் சொன்ன அதே குரலில் வந்தது.

அழுகை அப்படியே நின்றது. கண்ணீர் வழிந்த முகத்தோடு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வர்ணிக்கப் போவதில்லை, எனக்கு அந்த உரிமை இல்லை.

அன்றிலிருந்து அவளுக்குத் தெரிந்துவிட்டது. குழந்தை அல்லவா, அதை எப்படி ஒளிக்கும்? நான் பலகையில் எழுதும்போது பக்கத்தில் வந்து நின்று கன்னடத்தில் கிசுகிசுப்பாள். ஆடு குட்டி போட்டிருக்கிறது. தங்கச்சி சிக்கம்மாவுக்குப் பல் முளைத்திருக்கிறது. அம்மா அடித்தாள். நான் காது கேளாதவன்போல் நிற்பேன். ஒரு வார்த்தைக்கும் பதில் சொன்னதில்லை. ஆனாலும் அவள் சோர்ந்துவிடவில்லை. பதில் வராவிட்டாலும் கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது போலும். பள்ளிக்கு ஒரு நாள் தவறாமல் வந்தாள்.

எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. யாராவது கவனித்துவிட்டால்? ஐந்து வயதுக் குழந்தையைப் பார்த்து நடுங்கினேன்.

அடுத்த ஐப்பசியில் மழை ஓயாமல் கொட்டியது. மலையடிவாரத்து ஊர்களிலெல்லாம் குளிர்காய்ச்சல் பரவியது. முதலில் உடம்பு வெடவெடவென்று நடுங்கும், பிறகு அனலாகக் கொதிக்கும். கொயினா மாத்திரைதான் ஒரே மருந்து. சுகாதார இலாகாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒரு டப்பா கொடுத்திருந்தார்கள். மானேஜர் அதைத் தம் கையாலேயே கொடுப்பார். அவரைக் கொடியவர் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காய்ச்சல் நாட்களில் காலையும் மாலையும் குடையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையின் நெற்றியையும் தொட்டுப் பார்த்து, வெல்லத் துண்டோடு மாத்திரையை ஊட்டுவார்.

அன்றும் அப்படித்தான். காலை வேளை. நாற்காலியில் மானேஜர், பக்கத்தில் டப்பா. நான் பிள்ளைகளை ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

"குளுருதுங்க" என்று சொன்ன பிள்ளைக்கு மாத்திரை. "ராத்திரி காச்சலுங்க" என்ற பிள்ளைக்கு மாத்திரை.

கெம்பி வரிசையில் நிற்கவில்லை. தன் கம்பளித் துண்டை உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டு சுவரோரம் இருந்தாள். பிறகு எழுந்து நேராக என்னிடம் வந்தாள். மானேஜரிடம் போகவில்லை. என்னிடம்தான் வந்தாள். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

"அய்யா... சளி" என்றாள்.

கன்னடத்தில் சளி என்றால் குளிர். உடம்பு குளிர்கிறது என்றாள். தமிழ்ப் பிள்ளைகள் காதில் அது மூக்குச் சளியாக விழுந்தது. ஒருவன் மூக்கைச் சிந்துவதுபோல் பாவனை செய்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

"என்னா சொல்லுது அது?" என்று மானேஜர் கேட்டார்.

அவள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை நடுங்குவது துணி வழியாக என் தொடைக்குத் தெரிந்தது. "சளி ஆக்தெ, அய்யா" என்றாள் மறுபடியும். குளிருதுங்கய்யா. இதைவிடத் தெளிவாக ஒரு குழந்தை எப்படிச் சொல்லும்?

"சளி புடிச்சிருக்குன்னு சொல்லுதுங்க. மூக்கு ஒழுகுது போலிருக்கு" என்றேன்.

"சளிக்கு எதுக்குக் கொயினா? மூஞ்சியக் கழுவிட்டு வந்து ஒக்காரச் சொல்லுங்க." பிறகு என்னைச் சற்று உற்றுப் பார்த்தார். "ஏங்க வாத்தியாரே, அதுங்க பேசறது உங்களுக்குப் புரியுதுங்களா?"

"இல்லைங்க. எனக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் ஏதோ பேச்சுக்குக் கேட்டார். அதில் சந்தேகம்கூட இருந்திருக்காது. நான்தான் ஊரே கூடி என்னை விசாரிப்பதுபோல் பதறிப்போனேன். பதறிய பதற்றத்தில், வேட்டியைப் பிடித்திருந்த அந்தக் கையை எடுத்து விலக்கினேன். கை சில்லென்று இருந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. நான் விளையாடுகிறேனோ என்று பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு வெளியே போய், மழைத் தண்ணீர் நிரம்பிய தொட்டியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சொன்னபடி செய்தாள்.

இதோடு முடிந்திருந்தால் ஒரு நிமிஷக் கோழைத்தனம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். முடியவில்லை. மானேஜர் போகும்போது, "சாயங்காலம் யாருக்காச்சும் வேணும்னா நீங்களே குடுங்க" என்று டப்பாவை என் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதில் மாத்திரைகள் மிச்சமிருந்தன. கெம்பி சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள். அறையில் பெரியவர்கள் யாருமில்லை. ஒரு மாத்திரையை எடுத்து அவள் வாயில் போட எத்தனை நேரம் ஆகும்?

நான் பாடம் நடத்தினேன்.

கொடுத்தால் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள், சளி என்று சொன்னவர் எதற்குக் கொயினா கொடுத்தார் என்று மானேஜர் கேட்பார் என்று நினைத்தேன். நாளைக்கு வந்தால் கொடுக்கலாம் என்றும் நினைத்தேன். மணி அடித்ததும் அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, பிறகு மழைத்தூறலில் ஏரிக்கரைப் பக்கம் நடந்து போனாள். வாசலில் நின்று பார்த்தேன். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. குடிசை அரை மைல்தான். டப்பாவை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்... பாதி வழியில் ஏரி மதகுவரை போனேன். எதிரில் வந்த ஒருவர், "எங்கங்க வாத்தியாரே, கன்னடியன் வூட்டுப் பக்கம்?" என்று கேட்டார். "சும்மா, ஏரி ரொம்பிடுச்சான்னு பாக்க வந்தேங்க" என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் செய்தி வந்தது.

கொயினா கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. மாத்திரை தின்றும் இறந்த பிள்ளைகள் அந்த வருஷம் உண்டு. இதை நான் எனக்கே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். எந்தப் பயனும் இல்லை.

மானேஜரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "அடப்பாவமே. அன்னைக்கே காச்சலாட்டம் இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா குடுத்திருப்பனேங்க. ஆட்டுக்காரன் புள்ளன்னா எனக்குப் புள்ளயா தெரியாதுங்களா?" என்றார்.

யாருக்குப் பயந்தேனோ அவர் சொன்ன வார்த்தை இது. என் கையில் இருந்த ஒரே சாக்கும் அன்றே போய்விட்டது.

எட்டாம் நாள் பீரப்பனும் அவர் மனைவி மாதம்மாவும் பள்ளிக்கு வந்தார்கள். மழை விட்டிருந்தது. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசற்படியிலேயே நின்றார்கள். மாதம்மாவின் இடுப்பில் கைக்குழந்தை சிக்கம்மா.

பீரப்பனுக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "அன்னைக்கு இஸ்கூலுல பாப்பா ஏதாச்சும் சொன்னதுங்களா அய்யா? ஒடம்பு சரியில்லேன்னு, குளுருன்னு... ஏதாச்சும்? வூட்டுக்கு வந்தப்புறம் அதுக்கு நெனவே இல்லீங்க."

அவர்கள் என்னைக் குற்றம் சாட்ட வரவில்லை. மகளின் கடைசி வார்த்தை என்னவென்று கேட்டுப்போக வந்திருந்தார்கள். அது என்னிடம் இருந்தது. என்னிடம் மட்டும்தான் இருந்தது.

"ஏதோ சொன்னா... எனக்கு உங்க பாஷை தெரியாதே, பீரப்பா" என்றேன்.

பீரப்பன் தலையை ஆட்டிக்கொண்டார். மாதம்மா அவர் பக்கம் திரும்பி, என் முன்னாலேயே, எனக்குப் புரியாது என்ற நம்பிக்கையோடு, தங்கள் பேச்சில் பேசினாள்.

"பாப, அவருகேன் கொத்து" என்றாள். பாவம், அவருக்கு என்ன தெரியும். அதற்குப் பிறகு அவள் சொன்னதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்: "அவ தினம் வந்து சொல்லுவாளே, எங்க அய்யாவுக்கு நம்ம பேச்சு தெரியும், ஒரு நாள் எங்கிட்டப் பேசினாருன்னு. பைத்தியக்காரப் பொண்ணு. ஆசையில அப்படி நெனச்சுக்கிட்டிருக்கா."

சொல்லிவிட்டு அவள் சிரிக்க முயன்றாள், முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்கலாம். இல்லை மாதம்மா, உன் மகள் பொய் சொல்லவில்லை, கனவும் காணவில்லை என்று ஒரே ஒரு வாக்கியம், அவர்கள் பாஷையில், என் பாஷையில். இறந்த குழந்தையின் வார்த்தையையாவது காப்பாற்றியிருக்கலாம். புரியாத பேச்சைக் கேட்பவனின் முகத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அந்த முகத்தை வைத்துக்கொள்வதில் எனக்கு நல்ல பழக்கம் இருந்தது.

இருவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். எனக்குத் தொந்தரவு கொடுத்துவிட்டதாகப் பீரப்பன் வருத்தம்கூடத் தெரிவித்தார்.

நான்கு வருஷம் கழித்து, யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, பீரப்பன் மறுபடியும் வந்தார். விரலைப் பிடித்துக்கொண்டு சிக்கம்மா நின்றாள். அக்காவைப் போலவே படிய வாரிய தலை.

"இதையும் உங்க கையிலயே உட்டுடறேனுங்க அய்யா. மொதப் புள்ளைய நல்லாப் பாத்துக்கிட்டீங்க. அது இஸ்கூலுன்னா உசிர உடும்" என்றார்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கடவுள் இன்னொரு வாய்ப்பைக் கையில் கொண்டுவந்து கொடுத்தார் என்று அவளை வாரி எடுத்திருப்பீர்கள். கதைகளில் அப்படித்தான் நடக்கும்.

அந்தக் குழந்தை என்னைப் பார்த்து, "நீரு" என்றாள். தாகம். நடந்து வந்த களைப்பு.

தினமும் காலையில் இந்த முகத்தைப் பார்க்க வேண்டும், இந்தப் பேச்சைக் கேட்க வேண்டும், மறுபடியும் ஒன்றும் புரியாதவனாக நிற்க வேண்டும். முடியாது என்று தோன்றியது. கன்னடத்தில் பேசுகிறேன் என்று ஊரறிய ஒப்புக்கொள்வது இன்னொரு வழி. அது என் நினைவுக்குக்கூட எட்டவில்லை.

"இந்த வருஷம் இடம் இல்லை, பீரப்பா" என்றேன்.

இடம் இருந்தது. ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு இருந்தது.

"அடுத்த வருசமுங்களா?"

"பார்க்கலாம்."

குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அப்பாவோடு போனாள். அடுத்த வருஷம் வருவதற்குள் நான் வேறு பள்ளியில் வேலை தேடிக்கொண்டு கடத்தூர்ப் பக்கம் வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த வாத்தியார் அவளைச் சேர்த்துக்கொண்டாரா என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் தெரிந்துவிடும்.

புது ஊரில் நான் மாறினேனா? கொஞ்சம் மாறினேன். தெலுங்கு பேசும் பிள்ளைகள், மலையிலிருந்து வரும் பிள்ளைகள் எல்லோரும் என் வகுப்பில் படித்தார்கள். அவரவர் பெயரை அவரவர் சொன்னபடி எழுதினேன். எந்தப் பாஷையில் எண்ணினாலும் கணக்கு சரியாக இருந்தால் சரி என்றேன். இன்ஸ்பெக்டர் பாராட்டி எழுதினார். அந்தப் பாராட்டைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு குழந்தையின் உயிரைக் கொடுத்து நான் கற்ற பாடம் அது. அவளுக்கு அதில் என்ன கிடைத்தது?

ஆனாலும் நான் யார் என்பதை அங்கேயும் சொல்லவில்லை. என் அம்மா இறந்தபோது நான்கு நாள் லீவு போட்டேன். காரணம், 'சொந்த வேலை' என்று எழுதினேன்.

போன மாசம் கடத்தூர் ஆட்டுச்சந்தை. சுதந்திரம் வந்த பிறகு எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறார்கள். சந்தை வாசலில் புதிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, இரண்டு செம்மறிக் கிடாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "இதுல என்னாங்க எழுதியிருக்குது?" என்று நல்ல தமிழில் கேட்டாள். யாரும் நிற்கவில்லை. "ஒருத்தருக்கும் வாய் இல்லையா?" என்று கன்னடத்தில் கிடாயிடம் முணுமுணுத்தாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் பார்த்தேன். சற்றுத் தள்ளிப் புளியமரத்தடியில், மீதி ஆடுகளோடு, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கிழவர். முதுமை வந்துவிட்டது. ஆனால் கம்பளியைத் தோளில் போடும் விதம் மாறவில்லை. பீரப்பன்.

அப்படியானால் இவள் சிக்கம்மா.

பலகையில் ஒன்றுமில்லை. செம்மறிகளை விற்பவர்கள் வடக்கு வாசலுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒண்ணாம் வகுப்புப் படித்த குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிடும்.

அவள் அருகில் போனேன். வாய் திறந்தேன். கன்னடத்தில் சொன்னேன். வடக்கு வாசலுக்குப் போகணும், அம்மா, இங்கே இல்லை என்று. பத்து வருஷத்துக்கு மேலாக அன்னியர் காதில் விழும்படி நான் பேசாத பேச்சு. தடையில்லாமல் வந்தது.

அவள் முகம் மலர்ந்தது. "அய்யாவுக்கு நம்ம பேச்சு தெரியுமா? எப்படி?"

சொல்லிவிடலாம். மரத்தடி பத்தடி தூரம். நான் உன் அக்காவின் வாத்தியார், அவள் கடைசியாகச் சொன்னது எனக்குத் தெரியும், வா உன் அப்பாவிடம் போகலாம் என்று... இவ்வளவும் தொண்டைவரை வந்தது.

"இந்தப் பக்கம் வந்த பிறகு கத்துக்கிட்டேன்" என்றேன். "கொஞ்சம் கொஞ்சம்."

மரத்தடியிலிருந்து பீரப்பன் திரும்பாமலே, "யாரம்மா அது?" என்று கேட்டார்.

"யாரோ ஒரு அய்யா, அப்பா. நம்ம பேச்சு கத்துக்கிட்டாராம். நம்ம ஆளுங்க மாதிரியே பேசறாரு" என்று அவள் குரல் கொடுத்தாள்.

அவர் தலை திரும்புவதற்குள் நான் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டேன்.

அன்று இரவே இதை எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. இத்தனை நாள் பிடித்தது. இப்போது எழுதிவிட்டேன், நீங்களும் படித்துவிட்டீர்கள். ஆனால் இதைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள் அல்ல. அவர்களிடம் நான் சொல்லவில்லை. எழுதி அனுப்பலாம் என்றால், அந்த வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.